முடித்த வேலைக்குப் பணம் வரவில்லையா? புதிய ஃப்ரீலான்ஸர்களுக்கு ஒரு செய்முறை

"அக்கவுண்ட்ஸ்ல சொல்லிட்டேன், இந்த வாரம் வந்துடும்." டிசைனர், மொழிபெயர்ப்பாளர், வீடியோ எடிட்டர் என்று ஃப்ரீலான்ஸ் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் இந்தப் பதிலைக் கேட்டிருப்பார்கள். வாரம் மாதமாகும். அதற்குள் வாடகைத் தேதி வரும். ஈஎம்ஐ பவுன்ஸ் ஆகி வங்கி அபராதம் பிடிக்கும். சமாளிக்க கிரெடிட் கார்டைத் தேய்த்தால் அதற்கு ஒரு வட்டி. ஆக, வசதியான ஒரு கம்பெனிக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்துவிட்டு, வட்டியை நீங்கள் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இது நியாயமே இல்லை. சட்டமும் இதை நியாயம் என்று சொல்லவில்லை.

இந்தியாவில் இருந்தபடி இந்திய கிளையண்டுகளுக்கு வேலை செய்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பணம் வருமா வராதா என்பது பெரும்பாலும் வேலை தொடங்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. அதனால் முதல் இரண்டு படிகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

படி 1: உத்யம் பதிவு

ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும். சிறு தொழில்களைப் பதிவு செய்யும் மத்திய அரசின் உத்யம் தளத்தில் நீங்களே பதிவு செய்துகொள்ளலாம். கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை. தனியாளாகச் சேவைத் தொழில் செய்பவரும் 'குறு நிறுவனம்' என்ற வகையில் பதிய முடியும்.

இதனால் என்ன லாபம்? குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006-ம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்கும். ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும், வேலையை ஏற்றுக்கொண்ட 45 நாட்களுக்குள் கிளையண்ட் பணம் கொடுத்தாக வேண்டும். நாளே குறிப்பிடவில்லை என்றால் 15 நாட்கள்தான். தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 5.75 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மடங்கு 17.25. ரூ. 40,000 பாக்கி ஆறு மாதம் இழுத்தால் வட்டி மட்டும் ரூ. 3,500-ஐத் தாண்டும்.

பதிவை வேலை தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள். வேலை முடிந்தபின் பதிவு செய்தவர்களுக்கு இந்தச் சலுகை உண்டா என்று நீதிமன்றங்களில் வழக்காடியிருக்கிறார்கள். அந்தச் சிக்கல் உங்களுக்கு எதற்கு?

படி 2: பேசியதை எழுத்தில் கொண்டுவாருங்கள்

இருபது பக்க ஒப்பந்தம் வேண்டாம். ஒரு மின்னஞ்சல், அதற்கு "சரி" என்று ஒரு பதில், தொடங்க அது போதும். அதில் இருக்க வேண்டியவை: என்ன வேலை, எத்தனை முறை திருத்தம், மொத்தத் தொகை, முன்பணம் எவ்வளவு, மீதி எந்தத் தேதிக்குள்.

முன்பணம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். புது கிளையண்டிடம் பாதித் தொகை கேட்பது தொழிலில் வழக்கம்தான். முன்பணத்துக்கே மூக்கைச் சுளிப்பவர் மீதியை எப்படித் தருவார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வரி மிக முக்கியம்: "முழுத் தொகையும் வந்தபின்பே பதிப்புரிமை உங்களுக்கு மாறும்." 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றிக் கொடுக்க எழுத்து வேண்டும். கட்டுரை எழுதுபவர், மென்பொருள் எழுதுபவர் போன்ற ஃப்ரீலான்ஸர்களுக்கு இந்த வரி நல்ல பிடிமானம். பணம் பேசி எடுத்துக் கொடுக்கும் புகைப்படங்களுக்கும் படங்களுக்கும் விதி வேறு. வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் உரிமை, வேலையைச் செய்யச் சொன்னவருக்கே போய்விடும். ஆகவே அந்தத் துறையில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் எழுதி வாங்க வேண்டும்.

படி 3: இன்வாய்ஸ்

பில்லில் இருக்க வேண்டியவை: பெயர், பான், உத்யம் எண், வங்கி விவரம், கடைசித் தேதி. தேதியை "30 நாட்களில்" என்று எழுதாமல் நாளைக் குறித்தே எழுதுங்கள். பெரிய கம்பெனி என்றால், வேலை தொடங்கும்போதே பிஓ (கொள்முதல் உத்தரவு) எண்ணும் வெண்டர் பதிவும் (அவர்கள் பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்ப்பது) வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். இவை இல்லாத பில்கள் அக்கவுண்ட்ஸ் மேசையிலேயே தூங்கும், யாரும் உங்களைக் கூப்பிட்டுச் சொல்லவும் மாட்டார்கள்.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்களுக்கு ஒரு வலி கூடுதல். இன்வாய்ஸ் போட்டுவிட்டால், கிளையண்ட் தராவிட்டாலும் வரியைக் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும். அதனால் முதலில் புரொஃபார்மா (வரி இன்வாய்ஸ் ஆகாத முன்மாதிரி பில்) அனுப்பிப் பணத்தை வாங்கப் பாருங்கள். ஆனால் வேலை முடிந்த 30 நாட்களுக்குள் வரி இன்வாய்ஸ் போட்டே ஆக வேண்டும்.

படி 4: தேதி தாண்டிய மறுநாள்

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். போனில் கூப்பிடுகிறார்கள், அவர் இனிமையாகப் பேசுகிறார், மூன்று மாதம் கழித்துக் கையில் ஒரு சான்றும் இல்லை. கேட்பதை எழுத்தில் கேளுங்கள். இப்படி:

"வணக்கம் சார். புரோஷர் டிசைனுக்கான இன்வாய்ஸ் எண் 14, ரூ. 40,000, 10-ம் தேதி வர வேண்டியது. இன்னும் வரவில்லை. தொகையிலோ வேலையிலோ ஏதாவது சரிபார்க்க வேண்டியிருக்கிறதா? எந்தத் தேதியில் அனுப்புவீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்."

"எல்லாம் ஓகே, 25-க்குள் போட்டுவிடுகிறோம்" என்று அவர் பதில் போட்டால், பாக்கி உண்டு, வேலையில் குறை இல்லை என்ற இரண்டையும் அவர் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். பின்னால் "டிசைன் சரியில்லை" என்று பேச முடியாது. போனில்தான் பேசுவார் என்றால், வைத்தவுடன் "இப்போது பேசியபடி 25-ம் தேதி அனுப்புவதாகச் சொன்னீர்கள், நன்றி" என்று ஒரு மெயில் தட்டிவிடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனை மாற்றினால் பேக்கப் எடுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. கம்பெனிகள் மார்ச்சில் கணக்கை முடிக்கும்போது, உங்களுக்குப் பணம் தராவிட்டாலும் பில்லைச் செலவாக எழுதி டிடிஎஸ் (உங்கள் பெயரில் பிடித்துக் கட்டும் வருமான வரி) கட்டிவிடுவது உண்டு. ஜூன் மாதம் வருமான வரித் தளத்தில் உங்கள் 26ஏஎஸ் படிவத்தை (உங்கள் பெயரில் கட்டிய வரிகளின் பட்டியல்) திறந்து பாருங்கள். அவர்கள் பெயரில் டிடிஎஸ் இருந்தால், பாக்கியை அவர்களே கணக்கில் ஏற்றிவிட்டார்கள் என்பதற்கு அது வலுவான சான்று.

பிப்ரவரி, மார்ச்சில் நினைவூட்டுவதும் பலன் தரும். குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுத்து முடிக்கும்வரை செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது என்ற வருமான வரி விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. உங்கள் உத்யம் எண்ணைப் பார்த்ததும் அவர்களுடைய ஆடிட்டரே அவசரப்படுத்துவார்.

படி 5: நோட்டீஸ், பிறகு புகார்

இரண்டு மூன்று நினைவூட்டலுக்குப் பதில் இல்லையா? பாக்கி, வட்டி, 15 நாள் கெடு மூன்றையும் எழுதி ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். வழக்கறிஞர் மூலம் அனுப்பினால் கனம் கூடும்.

அதற்கும் அசையாவிட்டால் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவன) அமைச்சகத்தின் புகார் தளம். 2017-ல் தொடங்கிய சமாதான் தளத்துக்குப் பதிலாக 2025-ல் ஓடிஆர் தளம் வந்தது. உத்யம் எண், வேலை உத்தரவு, இன்வாய்ஸ் ஆகியவற்றை ஏற்றினால் புகார் உங்கள் பகுதிக்கான வசதி மன்றத்துக்கு (இந்த மாதிரிப் பாக்கிப் புகார்களைத் தீர்க்கும் அமைப்பு) போகும். முதலில் சமரசம், அது நடக்காவிட்டால் நடுவர் விசாரணை. கிளையண்ட் மும்பையில் இருந்தாலும், நீங்கள் இருக்கும் ஊருக்கான மன்றமே விசாரிக்கலாம். தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக அவர் தொகையில் 75 சதவீதத்தைக் கட்ட வேண்டும். சட்டம் 90 நாள் என்கிறது; நடைமுறையில் தாமதமாகலாம், பொறுமை வேண்டும். ஆனாலும் மன்றத்திலிருந்து கடிதம் போனதுமே கிளையண்ட் போனில் கூப்பிடுவதும் நடக்கிறது.

செக் கொடுத்து அது திரும்பியிருந்தால் வழி வேறு. வங்கித் தகவல் வந்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அவருக்கு 15 நாள் அவகாசம். அதன்பின் ஒரு மாதத்துக்குள் வழக்கு. இந்தக் கெடுவில் ஒரு நாளையும் தவறவிடாதீர்கள். சாதாரணப் பாக்கிக்கு நீதிமன்றம் போவதற்கான காலவரம்பு மூன்று ஆண்டுகள்.

கோபத்தில் செய்யக் கூடாதவை

கிளையண்டின் பாஸ்வேர்டு கையில் இருக்கிறது என்று அவருடைய இணையதளத்தை முடக்காதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி வழக்கு உங்கள் மேல் திரும்பும். பெயரைப் போட்டு ஃபேஸ்புக்கில் திட்டினால் அவதூறு வழக்கு வரலாம். பழைய பாக்கி நிற்கும்போது அதே ஆளுக்குப் புது வேலை எடுப்பதும் இந்தப் பட்டியலில்தான் வரும். "இதையும் முடிச்சுக் கொடுங்க, சேர்த்துப் போட்டுடறேன்" என்றால், "முதல் பில்லை முடித்துவிட்டு அடுத்த நாளே ஆரம்பிக்கிறேன் சார்" என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.