ஜெனீவா போக நினைக்கும் சங்கங்கள் காரைக்குடியிலேயே செய்துவிடும் தவறுகள்

போன ஆண்டு கானாடுகாத்தான் பக்கம் ஒரு திண்ணையில் உட்கார்ந்து, கொட்டான் என்னும் பனை ஓலைக் கூடை முடையும் பெண்கள் சங்கம் ஒன்றின் பைலாவை, அதாவது சங்க விதிகளை, புரட்டிக்கொண்டிருந்தேன். எதிரே ஓர் அக்கா, சாயம் ஏறிய பனை ஓலையை ஒரே அகலத்தில் வார்ந்துகொண்டே கேட்டார்: "ஜெனீவாவுல நம்ம கைவேலை மாதிரி சமாச்சாரமெல்லாம் பேசுறாங்களாமே தம்பி, நாமளும் போயி ஒரு வார்த்தை சொல்ல முடியாதா?"

முடியும். ஜெனீவாவில் இருக்கும் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு, சுருக்கமாக வைப்போ, அரசுகளின் அமைப்புதான். ஆனாலும் தொண்டு நிறுவனங்களும் சங்கங்களும் பார்வையாளராக உள்ளே போக வழி வைத்திருக்கிறது. நம் ஆட்கள் அந்த வழியைத் தவறவிடுவது பெரும்பாலும் ஊரிலேயே, கிளம்புவதற்கு வெகு முன்பே.

அந்தப் பைலாவில் 'நோக்கம்' என்ற இடத்தில் சிறுசேமிப்பு, கடன், மகளிர் முன்னேற்றம் என்று இருந்தது. கொட்டானும் இல்லை, பாரம்பரிய அறிவும் இல்லை. வைப்போவில் நிரந்தரப் பார்வையாளராக விண்ணப்பிக்கும் உள்நாட்டுச் சங்கத்தின் வேலை முக்கியமாக அறிவுசார் சொத்துரிமை சார்ந்ததாக இருக்க வேண்டும். ஜனநாயக முறையில் ஏற்ற விதிகள் வேண்டும். உறுப்பினர்கள் சார்பாகப் பேசும் அதிகாரமும் வேண்டும். இதையெல்லாம் விண்ணப்பத்தில் சொன்னால் மட்டும் போதாது, பைலாவே சொல்ல வேண்டும். பொதுக்குழுவைக் கூட்டி, சிறப்புத் தீர்மானம் போட்டு, பதிவாளரிடம் திருத்தத்தைப் பதிந்துவிட்டு அப்புறம் விண்ணப்பியுங்கள். செயலாளர் மட்டும் உட்கார்ந்து லெட்டர்பேடில் எழுதி அனுப்புவது எனக்குப் பொறுக்காத காரியம். கல்யாணத்துக்கு இசைகுடிமானம் எழுதிக் கையெழுத்துப் போடும் ஊர் இது. எழுத்தின் மதிப்பை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நிரந்தரத் தகுதியைத் தருவது உறுப்பு நாடுகளின் பேரவை. உள்நாட்டுச் சங்கம் என்றால் நம் அரசையும் கலந்துகொள்வார்கள். நம்மைப் போன்ற சிறிய சங்கத்துக்கு இன்னொரு வழிதான் பொருத்தம் என்பேன். மரபணு வளங்கள், பாரம்பரிய அறிவு, நாட்டார் கலை வெளிப்பாடுகள் பற்றிப் பேச 2000இல் அமைத்த அரசுகளிடைக் குழு ஒன்று இருக்கிறது. அந்தக் குழுவுக்கு மட்டும் தனி அங்கீகாரம் கேட்கலாம். அதற்கும் கூட்டத் தேதி தெரிந்த பிறகு ஓடினால் முடியாது. மாதக்கணக்கில் முன்பே மனு போக வேண்டும். கேட்டவுடன் தந்துவிடுவார்கள் என்றும் இருந்துவிடாதீர்கள். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளைக்கே 2020இலும் 2021இலும் சீனாவின் எதிர்ப்பால் நிரந்தரப் பார்வையாளர் தகுதி கிடைக்கவில்லை. ஒருமித்த முடிவு என்பதால் ஒரு நாடு மறுத்தாலே நின்றுவிடுகிறது.

சின்ன விஷயம்போலத் தெரிந்து பெரிதாகக் கடிப்பது பெயர். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து நிற்கும், பான் கார்டில் ஒற்றை எழுத்து, சங்கக் கடிதத்தில் 'ஆச்சி' என்றோ 'அம்மாள்' என்றோ ஒட்டு. கூட்டப் பதிவுப் படிவத்திலும் விசா மனுவிலும் அழைப்புக் கடிதத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள்.

பயணச் செலவு நம்முடையது. அங்கீகாரம் பெற்ற பழங்குடி, உள்ளூர்ச் சமூகங்களின் பிரதிநிதிகளுக்கு 2005இல் ஒரு தன்னார்வ நிதி தொடங்கினார்கள். நன்கொடையில் ஓடுவதால் அது வற்றிக் கிடந்த காலமும் உண்டு. வெளிநாட்டு நண்பர்கள் உதவ முன்வந்தால், பணத்தைச் சங்கக் கணக்கில் வாங்கிவிடாதீர்கள். 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அதற்குத் தனிப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். முதலில் ஆடிட்டரைப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு மனவருத்தம் தருவது, டெல்லியை விட்டுவிட்டு நேரே ஜெனீவாவுக்கு விமானம் ஏறுவது. பார்வையாளருக்கு ஓட்டு கிடையாது. அந்த அரசுகளிடைக் குழுவில் நாம் ஒரு வாசகத்தை முன்வைத்தால், ஏதாவது ஓர் உறுப்பு நாடு ஆதரித்தால்தான் அது வரைவில் நிற்கும். பார்வையற்றோர் செய்ததைப் பாருங்கள். படிக்கக்கூடிய வடிவில் புத்தகம் வேண்டும் என்ற உலகப் பார்வையற்றோர் ஒன்றியத்தின் கோரிக்கையை 2009இல் பிரேசில், ஈக்வடார், பராகுவே மூன்றும் தங்கள் முன்மொழிவாக மேசையில் வைத்தன. 2013இல் மராகேஷ் உடன்படிக்கை பிறந்தது. 2014இல் அதை முதலில் உறுதி செய்த நாடு நம் இந்தியா. வாசகம் சங்கத்துடையது, கையைத் தூக்கியது நாடு. அதனால் நம் கோரிக்கையை இரண்டு பக்கத்தில் எழுதி, டெல்லியில் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறைக்கு முதலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மறுபடி அனுப்புங்கள்.

இடம் மாறிப்போவதும் நடக்கிறது. உலக வர்த்தக அமைப்பும் ஜெனீவாவில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே அறிவுசார் சொத்துரிமை பற்றிப் பேசும் டிரிப்ஸ் கவுன்சில் கூட்டத்தில் சங்கங்களுக்கு இருக்கை இல்லை.

சரி, உள்ளே போயாயிற்று. நாடுகள் எல்லாம் பேசி முடித்த பிறகு, நேரம் மிஞ்சினால், தலைவர் நம்மைக் கூப்பிடுவார். கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். அங்கே செட்டிநாட்டு வரலாற்றைத் தொடங்கினால் பர்மா போய்ச் சேர்வதற்குள் மைக் போய்விடும். மொழிபெயர்ப்பு ஆறு மொழிகளில்தான், அதில் தமிழ் இல்லை. எழுதிய உரையை மொழிபெயர்ப்பாளர்களுக்கு முன்கூட்டியே கொடுத்துவிட்டு நிதானமாகப் படிக்க வேண்டும்.

எதைப் பேசுவது? நான் சொல்வது இதுதான். செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் கிடைத்தது. அது காப்பது பெயரை. கண்டாங்கிக் கட்டத்தை மில் துணியில் அச்சடித்து வேறு பெயரில் விற்றால் அந்தக் குறியீடு கைகொடுக்காது. ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும்போது கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கலர் கலவையைக் கரண்டியால் ஒவ்வொரு கட்டமாக ஊற்றி, அச்சைத் தூக்கும்போது ஒரு கோடுகூடக் கலங்காமல் பூ நிற்கும். அதே பூவைத் தொழிற்சாலை டைல்ஸில் அச்சடித்தாலும் இதே கதைதான். 2024 மே மாதம் நிறைவேறிய உடன்படிக்கை, காப்புரிமை கேட்பவர் மரபணு வளமும் அதோடு சேர்ந்த பாரம்பரிய அறிவும் எங்கிருந்து வந்தன என்று சொல்ல வேண்டும் என்கிறது. கைவேலையின் வடிவம் அதற்குள் வராது. அதற்கான வரைவு தனியாக, இன்னும் முடியாமல் கிடக்கிறது. நாம் பேச வேண்டிய இடம் அது. எந்தப் பிரிவில் எந்தச் சொல் மாற வேண்டும் என்று சொன்னால் குறித்துக்கொள்வார்கள்.

அந்த அக்காவின் சங்கம் பைலாவைத் திருத்திவிட்டது. பாஸ்போர்ட்டுக்கு மனு போட்டிருக்கிறார்கள். உரையை முதலில் தமிழில் எழுதி, அவர்களே திண்ணையில் உட்கார்ந்து கடிகாரம் பார்த்து வாசிக்கிறார்கள். முதல் முறை ஐந்து நிமிடம் ஆனது. போன வாரம் இரண்டே முக்கால்.