போக்கிமான் கோ: ஐ.வி. எண்கள் சண்டையில் எவ்வளவு உதவும்? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

போக்கிமான் எனும் கற்பனை உயிரினங்களைப் பிடித்துச் சண்டையிட வைக்கும் கைபேசி ஆட்டமான போக்கிமான் கோ ஆடத் தொடங்கிய சில வாரங்களிலேயே ஐ.வி. என்ற சொல் காதில் விழுந்துவிடும். ஒவ்வொரு போக்கிமானுக்கும் தனித்தனியாகப் பிறவியிலேயே அமையும் திறன் எண்கள்தான் ஐ.வி. மெரினாவில் காந்தி சிலைப் பக்கம் ரெய்டுக்கு, அதாவது ஒரு பெரிய போக்கிமானைப் பலர் சேர்ந்து வீழ்த்திப் பிடிக்கும் சண்டைக்குக் கூடுகிறவர்கள், பிடித்து முடித்த கையோடு ஒருவரையொருவர் கேட்பதும் அதைத்தான்: "உங்களுக்கு எத்தனை சதவீதம்?" இதைக் கேட்டுக் கேட்டே, ஐ.வி. மதிப்பீட்டில் மூன்று நட்சத்திரம் வாங்காததெல்லாம் குப்பை என்ற எண்ணம் புதியவர்கள் மனத்தில் ஊன்றிவிடுகிறது. பலமான போக்கிமானைப் பேராசிரியருக்கு அனுப்பி, அதாவது திரும்ப வராதபடி கைவிட்டுவிட்டு, பலவீனமானதைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள். ஐ.வி.யை எப்படிப் பார்ப்பது, எங்கே அதை நம்புவது, எங்கே ஒதுக்கிவிட்டு மேலே போவது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

முதல் படி: உங்கள் போக்கிமானின் எண்களைப் பாருங்கள்

போக்கிமானைத் திறந்து, கீழே வலது மூலையில் உள்ள மெனுவில் மதிப்பீட்டுப் பொத்தானை அழுத்துங்கள். உங்கள் குழுத்தலைவர் வந்து மூன்று பட்டைகளைக் காட்டுவார்: தாக்குதல், தற்காப்பு, ஹெச்.பி. (உயிராற்றல்). ஒவ்வொரு பட்டையும் 0 முதல் 15 வரை. பட்டை மூன்று கட்டங்களாகப் பிரிந்திருக்கும், ஒரு கட்டத்துக்கு ஐந்து புள்ளிகள். முழுதும் நிரம்பினால் நிறம் மாறிச் சிவப்பாகிவிடும், அதுதான் 15. 2019-க்கு முன்பு இந்த வசதி கிடையாது. குழுத்தலைவர் சுற்றி வளைத்து ஏதோ சொல்வார், நாம்தான் ஊகிக்க வேண்டும்.

மூன்றையும் கூட்டினால் அதிகபட்சம் 45. கூட்டுத்தொகை 22 வரை என்றால் நட்சத்திரமே இல்லை. 23 முதல் 29 வரை ஒன்று, 30 முதல் 36 வரை இரண்டு, 37 முதல் 44 வரை மூன்று. 45-ஐத் தொட்டால்தான் சிவப்புப் பின்னணியுடன் கூடிய அந்த நூறு சதவீதம். மூன்று எண்களுக்கும் தலா 16 வாய்ப்புகள், ஆக மொத்தம் 4,096 சேர்க்கைகள். வெளியே சாதாரணமாகத் திரியும் ஒன்றைப் பிடித்து நூறு கிடைப்பது ஏன் இவ்வளவு அரிது என்பது இதிலேயே புரியும்.

இரண்டாம் படி: நிலையைக் கண்டுபிடியுங்கள்

பெரும்பாலோர் தவறவிடும் படி இது. ஒவ்வொரு போக்கிமானுக்கும் 1 முதல் 50 வரை ஒரு நிலை உண்டு. ஐ.வி.யையாவது பட்டையாகக் காட்டும் ஆட்டம், நிலையை எண்ணாகக் காட்டுவதே இல்லை. ஆனால் நிலையை உயர்த்தும் பவர் அப் பொத்தானில் எழுதியிருக்கும் ஸ்டார்டஸ்ட் (ஆட்டத்துக்குள் சேர்க்கும் செலவுப் பொருள்) தொகை அதைச் சொல்லிவிடும். 1,900 கேட்டால் நிலை 15-16 அளவில் இருக்கிறது. 2,500 என்றால் 19-20, 4,000 என்றால் 25-26, 5,000 என்றால் 29-30, 6,000 என்றால் 31-32, 8,000 என்றால் 35-36. நண்பருடன் மாற்றிக்கொள்ளும்போது அமையும் லக்கி போக்கிமானுக்கு இதில் பாதிதான் கேட்கும். ஆட்டத்தின் வில்லன் கூட்டத்திடமிருந்து மீட்கும் ஷேடோ போக்கிமானுக்கு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கேட்கும்.

பனகல் பூங்காவில் ஒரு பள்ளி மாணவன் மச்சாம்ப் என்ற தன் சண்டை வகைப் போக்கிமானைக் காட்டி, "அண்ணா, ஒரு நட்சத்திரம்தான் வந்திருக்கிறது, அனுப்பிவிடட்டுமா?" என்று கேட்டான். வாங்கிப் பார்த்தேன். தாக்குதல் 6, தற்காப்பு 10, ஹெச்.பி. 9. ஆனால் பவர் அப் பொத்தான் 6,000 கேட்டது, அதாவது நிலை 31. அதற்குப் பதிலாக அவன் வளர்க்க நினைத்தது 14, 13, 12 என்று மூன்று நட்சத்திரம் வாங்கிய இன்னொரு மச்சாம்ப். அதன் பொத்தானில் 1,900தான் இருந்தது. நிலை 15.

இந்த இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம், ஏனென்றால் முழு விஷயமும் இதற்குள்தான் இருக்கிறது. சண்டையில் உண்மையாகப் பயன்படும் தாக்குதல் எண் வருவது இப்படி: அந்த இனத்தின் அடிப்படைத் தாக்குதலுடன் ஐ.வி.யைக் கூட்டி, நிலைக்குரிய பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும். மச்சாம்பின் அடிப்படைத் தாக்குதல் 234. நிலை 15-க்குப் பெருக்கெண் ஏறக்குறைய 0.517, நிலை 31-க்கு 0.738.

ஒரு நட்சத்திர மச்சாம்ப்: 234 உடன் 6 சேர்த்தால் 240, அதை 0.738 ஆல் பெருக்கினால் 177.
மூன்று நட்சத்திர மச்சாம்ப்: 234 உடன் 14 சேர்த்தால் 248, அதை 0.517 ஆல் பெருக்கினால் 128.

அவன் அனுப்பிவிட நினைத்த மச்சாம்பின் அடிதான் ஏறக்குறைய 38 சதவீதம் அதிகம். மூன்று நட்சத்திரத்தை நிலை 31 வரை உயர்த்தலாமே என்றால், அதற்கு 1,06,400 ஸ்டார்டஸ்ட் வேண்டும். அவ்வளவையும் கொட்டிய பிறகு கிடைக்கும் கூடுதல் தாக்குதல் 240-க்கும் 248-க்கும் உள்ள வித்தியாசம்: ஏறக்குறைய 3.3 சதவீதம். புதிதாக ஆடுகிற பிள்ளைகளுக்கு ஒரு லட்சம் ஸ்டார்டஸ்ட் என்பது பெரிய சொத்து. அதை இப்படி இழப்பதைப் பார்க்கவே எனக்கு மனம் பொறுக்காது. நல்லவேளை, அந்த மச்சாம்ப் இன்னும் அவனிடம் இருக்கிறது.

மூன்றாம் படி: முதலில் வகை, பிறகு நகர்வு, அதன் பிறகே ஐ.வி.

ஒவ்வொரு போக்கிமானும், அது அடிக்கும் ஒவ்வொரு நகர்வும் (தாக்கும் முறை) நெருப்பு, நீர், பாறை என ஏதாவது ஒரு வகையைச் சேர்ந்தவை. எதிரிக்கு எது பொருந்தும் என்பதே ரெய்டில் முதல் கேள்வி. எதிரிக்கு ஆகாத வகையால் அடித்தால் சேதம் 1.6 மடங்கு. எதிரியின் இரண்டு வகைகளுக்குமே ஆகாது என்றால் 2.56 மடங்கு. எதிரி தாங்கிக்கொள்ளும் வகையால் அடித்தால் 0.625 ஆகக் குறையும், மோசமான பொருத்தங்களில் 0.39-க்கும், மிக மோசமான சிலவற்றில் அதற்கும் கீழேயும் இறங்கும்.

டைரானிடார் ரெய்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது பாறையும் இருளும் கலந்த இனம், சண்டை வகைக்கு இரண்டு பக்கமும் பலவீனம். ஐ.வி. சுழியமாக உள்ள மச்சாம்ப் சண்டை நகர்வால் அடித்தால் 234 பெருக்கல் 2.56, அதாவது 599. எல்லோரும் கனவு காணும் மியூடூ நூறு சதவீதமாகவே இருக்கட்டும். அடிப்படை 300 உடன் 15 சேர்ந்தால் 315. மனோசக்தி வகை அடி இருள் வகையிடம் எடுபடாது, எனவே பெருக்கல் 0.39, வருவது 123. நிலை ஒன்றாக இருந்தாலும் நிலைமை இதுதான். ஐ.வி. தாக்குதலில் 0-க்கும் 15-க்கும் உள்ள முழு இடைவெளியும் மியூடூவுக்கு ஐந்து சதவீதம், மச்சாம்புக்கு ஆறரை சதவீதம். வகைப் பொருத்தத்துக்கு முன்னால் அது எங்கே நிற்கும்?

நகர்வும் அப்படித்தான். தன் வகையைச் சேர்ந்த நகர்வால் அடித்தால் 1.2 மடங்கு. ஆட்டத்தில் காட்டும் வானிலை அந்த வகைக்குச் சாதகமாக இருந்தால் இன்னொரு 1.2. இவை இரண்டும் பைசா செலவில்லாமல் கிடைப்பவை.

இந்த இடத்தில் ஷேடோ போக்கிமான்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஷேடோவின் அடி 1.2 மடங்கு, அது வாங்கும் சேதமும் அதே அளவு கூடும். ஷேடோவைத் தூய்மைப்படுத்தினால் அந்தக் கூடுதல் அடி போய்விடும், ஆனால் மூன்று எண்களிலும் இரண்டிரண்டு கூடும். எனவே 13, 13, 13 உள்ள ஷேடோ கிடைத்தவுடன், தூய்மைப்படுத்தினால் நூறு ஆகிவிடும் என்று கை பரபரக்கும். ரெய்டுக்காக வளர்க்கும் நல்ல தாக்காளன் என்றால் செய்யாதீர்கள். இரண்டு புள்ளிக்காக இருபது சதவீதத் தாக்குதலைக் கைவிடுகிறீர்கள். நிலை 40-இல் உள்ள மியூடூவை வைத்துப் பார்த்தால், நூறு சதவீதச் சாதாரண மியூடூவின் தாக்குதல் 249. ஐ.வி. சுழியமாக உள்ள ஷேடோ மியூடூவினுடையது 284.

நான்காம் படி: ஸ்டார்டஸ்டை எங்கே நிறுத்துவது?

நிலை 20-இலிருந்து 30 வரை போக 75,000 ஸ்டார்டஸ்ட் செலவாகும், பலம் இருபத்திரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறும். 30-இலிருந்து 40 வரை போக 1,50,000 ஆகும், ஆனால் ஏறுவது எட்டு சதவீதம்தான். ஆகவே ரெய்டுக்கு ஒரே போக்கிமானை 40-க்கு இழுத்துக்கொண்டு போவதைவிட, ஆறு பேர் கொண்ட அணி முழுவதையும் 30-க்குக் கொண்டுவருவதே முதல் வேலை. அந்த ஆறு பேரில் இரண்டு நட்சத்திரம் இருந்தால் இருக்கட்டும்.

சாதாரண ரெய்டில் (ஷேடோ ரெய்டு அல்ல) பிடிக்கும் போக்கிமானுக்கு எந்த எண்ணும் 10-க்குக் கீழே போகாது என்பதையும் நினைவில் வையுங்கள். மியூடூ ரெய்டு முடிந்ததும் திரையில் வரும் சி.பி. (ஒட்டுமொத்தச் சண்டைப் பலத்தைக் காட்டும் எண்) 2,294 என்றால் அது 10, 10, 10. 2,387 என்றால் நூறு. வானிலைச் சாதகம் இல்லாதபோது இந்தக் கணக்கு. தாக்குதலில் 10-க்கும் 15-க்கும் இடையே 1.6 சதவீதம். ஐந்து நட்சத்திர ரெய்டுக்கான (இங்கே நட்சத்திரம் ரெய்டின் கடினத்தைக் குறிக்கும்) 300 விநாடிகளில் அது ஐந்து விநாடிக்கும் குறைவு. கூட ஒரு நண்பரை அழைத்து வந்தால் மிச்சமாகும் நேரம் இதைவிட எவ்வளவோ அதிகம். புதன்கிழமை மாலை 6 முதல் 7 வரை ரெய்டு நேரத்தில் கூட்டமாக ஆடிப் பாருங்கள், கண்ணாலேயே தெரியும்.

பின்னமாக வரும் சேதத்தை ஆட்டம் கீழ்நோக்கி முழு எண்ணாக்கி, அதனுடன் ஒன்றைக் கூட்டுகிறது. 10.9 வந்தாலும் 10.1 வந்தாலும் அடி 11தான். 11-ஐத் தொட்டால் 12. அதனால் ஐ.வி.யில் ஒரு புள்ளி ஏறியும் எதுவும் மாறாமல் போகலாம். எப்போதாவது அந்த ஒரு புள்ளியே விளிம்பைத் தாண்டவைத்து, ஒவ்வொரு அடியிலும் ஒன்று கூட்டித் தரலாம். தனியாளாக ரெய்டை முடிக்கப் பார்க்கும் நிபுணர்களுக்கு இது கவலை. உங்களுக்கு இப்போது வேண்டாம்.

ஐந்தாம் படி: லீக்கில் கணக்கு தலைகீழ்

மற்றவர்களுடன் மோதும் கிரேட் லீக்கில் சி.பி. 1,500-ஐத் தாண்டக் கூடாது, அல்ட்ரா லீக்கில் 2,500. சி.பி. கணக்கில் தாக்குதல் அப்படியே பெருக்கப்படுகிறது. தற்காப்பும் ஹெச்.பி.யும் வர்க்கமூலமாகத்தான் சேர்கின்றன. ஆகவே தாக்குதல் அதிகமானால் சி.பி. சீக்கிரம் நிரம்பி, நிலையை மேலே கொண்டுபோக முடியாமல் போகிறது. தாக்குதல் குறைவாக இருந்தால் அதே 1,500-க்குள் இன்னும் பல நிலைகள் ஏறலாம்.

அசுமாரில் என்ற போக்கிமான் இதற்கு நல்ல உதாரணம். நூறு சதவீத அசுமாரில் நிலை 36-இலேயே 1,497 ஆகிவிடும். அங்கே தாக்குதல் 97, தற்காப்பு 128, ஹெச்.பி. 184. தாக்குதல் 0, மற்ற இரண்டும் 15 உள்ள அசுமாரில் 45-ஆம் நிலையையும் தாண்டி ஏறும். அப்போது தாக்குதல் 91, தற்காப்பு 136, ஹெச்.பி. 196. ஆறு புள்ளி தாக்குதலை விட்டுக்கொடுத்து, எட்டு தற்காப்பும் பன்னிரண்டு ஹெச்.பி.யும் வாங்குகிறோம். லீக் சண்டையில் பெரும்பாலும் நின்று தாங்குகிறவனுக்கே வெற்றி. ஆனால் 40-க்கு மேல் போக எக்ஸ்.எல். கேண்டி என்ற அரிய வளர்ப்புப் பொருள் வேண்டும், அது புதியவர்களிடம் இருக்காது. தாக்குதல் குறைந்து, மற்ற இரண்டும் உயர்ந்து, 40-க்குள் 1,500-ஐ ஒட்டி நிற்கும் ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள்.

நூறு சதவீதத்துக்கு உண்மையான மரியாதை மாஸ்டர் லீக்கில்தான். அங்கே சி.பி. வரம்பு இல்லை, எல்லோரும் நிலை 50-இல் வந்து நிற்பார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பெரிய நகர்வைத் தொடுத்தால் தாக்குதல் எண் அதிகமுள்ளவருக்கே முதல் அடி. ஒரே இனம் நேருக்கு நேர் மோதும்போது அந்த ஒரு புள்ளி ஆட்டத்தையே முடித்துவிடும். நின்டெண்டோ கன்சோல்களில் வரும் முதன்மைப் போக்கிமான் ஆட்டங்களில் ஐ.வி. 0 முதல் 31 வரை, ஆறு திறன்களுக்கும் தனித்தனியாக உண்டு. அதில் வேகமும் ஒன்று, யார் முதலில் அடிப்பது என்பதை அங்கே வேகம் தீர்மானிக்கும். அதை ஆடி வளர்ந்தவர்கள் அந்தக் கவலையை இங்கேயும் கொண்டுவந்துவிட்டார்கள். போக்கிமான் கோ ஆட்டத்தில் வேகம் என்ற திறனே கிடையாது.

ஆறாம் படி: நல்ல எண்கள் கிடைக்கும் இடங்கள்

தேடி அலையாமலே நல்ல ஐ.வி. வரும் வழிகள் சில உண்டு. முட்டையிலிருந்து பொரிவதற்கும், ஆட்டம் தரும் ஆய்வுப் பணிகளுக்குப் பரிசாக வருவதற்கும் குறைந்தபட்சம் 10. வானிலைச் சாதகத்தில் வெளியே பிடிப்பதற்குக் குறைந்தபட்சம் 4, நிலையும் ஐந்து கூடி 35 வரை வரும். சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆட்டமும் மழை என்று காட்டும்போது நீர், மின்சாரம், பூச்சி வகைகளைப் பிடியுங்கள். வானம் தெளிந்த கோடையில் நெருப்பு, புல், நிலம் வகைகளைப் பிடியுங்கள். கத்திரி வெயில் மதியத்தில் வெளியே போக வேண்டியதில்லை. இரவில் வானம் தெளிவாக இருந்தாலும் அதே வகைகளுக்குத்தான் சாதகம், கடற்காற்றில் நடந்துகொண்டே பிடிக்கலாம்.

எல்லாவற்றையும்விட நான் உயர்வாக மதிப்பது லக்கி மாற்று. மூன்று எண்களும் 12-க்குக் குறையாது, வளர்க்கும் செலவும் பாதி. சாதாரண நூறு சதவீதம் ஒரு பக்கம், 12, 12, 12 உள்ள லக்கி மறுபக்கம் என்று வைத்தால், ரெய்டுக்கு நான் லக்கியைத்தான் எடுப்பேன்.

ஏழாம் படி: பெட்டியைச் சுத்தம் செய்வது

தேடல் கட்டத்தில் 4* என்று தட்டினால் நூறு சதவீதம் மட்டும் வரும், 3* என்றால் மூன்று நட்சத்திரம். 0 என்ற எண்ணை ஒட்டி, இடைவெளி விடாமல் அட்டாக் என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டினால் தாக்குதல் சுழியமானவை வரிசையாக வரும். லீக்குக்கு ஆகக்கூடியவற்றை முதலில் இப்படிப் பொறுக்கி எடுத்து, நட்சத்திரக் குறி போட்டு வையுங்கள். அடுத்து பவர் அப் தொகை 5,000-க்கு மேல் கேட்கும் நல்ல ரெய்டு இனங்களுக்கும், எல்லா ஷேடோக்களுக்கும் குறி போடுங்கள். மிச்சம் இருப்பதில் இனம் இனமாகப் பார்த்து அனுப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேண்டியாவது கிடைக்கும், குறி போட்டு வைத்தவற்றை வளர்க்க அந்தக் கேண்டி வேண்டியிருக்கும்.