இறாலைச் சொல்கிறோம், போன ஸ்கேனைச் சொல்ல மறக்கிறோம்

சிடி ஸ்கேனுக்கு முன் "அலர்ஜி ஏதாவது உண்டா?" என்று கேட்டால், பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இறாலும் நண்டும்தான். அவற்றில் அயோடின் இருக்கிறது, படம் தெளிவாகத் தெரிவதற்காகப் போடும் கான்ட்ராஸ்ட் ("டை") ஊசியிலும் அயோடின் இருக்கிறது, ஆகவே ஆபத்து என்று ஒரு கணக்கு. கணக்கு தப்பு. இறால் ஒத்துக்கொள்ளாமல் போவது பெரும்பாலும் அதிலுள்ள ட்ரோப்போமயோசின் என்ற புரதத்தால்; அயோடினால் அல்ல. இறாலுக்காக மட்டும் ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

கட்டாயம் சொல்ல வேண்டியது, முன்பு இதே வகை ஊசி போட்டபோது என்ன ஆனது என்பதை. அதைவிடப் பெரிய எச்சரிக்கை வேறில்லை. "டை அலர்ஜி" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் போதாது. எந்த மருந்து, எவ்வளவு நேரத்தில், என்ன செய்தது? பெயர் தெரிந்தால்தான் வேறு மருந்துக்கு மாற்ற முடியும். எம்ஆர்ஐக்குப் போடும் கடோலினியம் தனி வகை. ஒன்று சேரவில்லை என்பதால் மற்றதும் சேராது என்று முடிவுகட்ட வேண்டாம்.

ஊசி ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், வாயில் உலோகச் சுவை வரும், சிறுநீர் கழிந்துவிட்டதோ என்றுகூடத் தோன்றும். பயமாகத்தான் இருக்கும், ஆனால் அலர்ஜி அல்ல. இதை அலர்ஜி என்று எழுத வைத்துவிட்டால், பிறகு தேவைப்படும் ஸ்கேனுக்கு அதுவே தடையாகும். தடிப்பு, அரிப்பு, முகவீக்கம், தொண்டை இறுகுவது, மூச்சிரைப்பு போன்றவை வேறு ரகம். முதல் முறை ஊசி போடுபவருக்கும் வரலாம். "படம் எடுத்து முடியட்டும்" என்று பொறுத்துக்கொள்ளாமல் அப்போதே குரல் கொடுங்கள். கடுமையானால் உடனே அட்ரினலின் போட வேண்டியிருக்கும்.

முன்னெச்சரிக்கையாக ஸ்டீராய்டு மாத்திரை தந்திருந்தால் நேரம் முக்கியம். பரவலான ஒரு முறையில் ஸ்கேனுக்கு 13, 7, 1 மணி நேரம் முன்பாக மூன்று வேளை. விட்டதையெல்லாம் கடைசியில் சேர்த்து விழுங்கினால் பலன் இல்லை. ஒரு வேளை தவறினால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஒழுங்காகச் சாப்பிட்டாலும் அலர்ஜி வரவே வராது என்ற உறுதி கிடையாது.

ஸ்கேன் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். உடனடிப் பிரச்சினைகள் பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். அப்புறம், சில நாள் கழித்துத் தோலில் தடிப்பு வந்தால் புது சோப்பின் மேல் பழி போடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு வாரம் வரைகூட இந்த மருந்தால் தடிப்பு வரலாம்.