'1,250' என்று தட்டினால் 1 என்று பதிவது ஏன்? ஜாவாஸ்கிரிப்டில் எண்களைச் சரிபார்க்கவும் காட்டவும் சில பங்ஷன்கள்

கிளிநொச்சிப் பக்கம் ஒரு கமக்காரர் அமைப்புக்கு விதைநெல் முற்பணக் கணக்கைப் பதிய ஒரு சின்னப் பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். பெரும்போகம் தொடங்கிய நேரம் பொருளாளர் அக்கா போன் எடுத்து, “தம்பி, ஆயிரத்து இருநூற்றம்பது கட்டினவருக்கு ஒரு ரூவா எண்டு காட்டுது, ஒருக்காப் பார்” என்றார். பார்த்தால் பிழை என்னுடையதுதான். அவர் கொமா போட்டு 1,250 என்று தட்டியிருக்கிறார், நான் எழுத்தை எண்ணாக மாற்றித் தரும் பார்ஸ்ஃப்ளோட்டை (parseFloat) நம்பியிருந்தேன். அது இடமிருந்து வாசித்துக்கொண்டு போய், விளங்காத எழுத்து வந்த இடத்தில் நின்றுவிடும். கொமாவுக்கு முன்னால் இருந்தது 1, அதையே கொடுத்துவிட்டது. ஒரு கமக்காரரின் காசு இப்படிக் காணாமல் போகக் கூடாது. அன்று திருத்தி எழுதியதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆள் தட்டிய எழுத்து வேறு, கணக்குப் பார்க்கும் எண் வேறு, திரையில் காட்டும் எழுத்து வேறு. உள்ளே வரும் இடத்தில் ஒரு பங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு), வெளியே போகும் இடத்தில் ஒரு பங்ஷன், நடுவில் எண் மட்டும். பங்ஷன்களுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், ஜாவாஸ்கிரிப்ட் ஏற்கும். நான் வைத்த பெயர்கள் எண்ணாக்கு, காசாக்காட்டு.

எண்ணாக்கு செய்ய வேண்டியது இது. வந்த எழுத்தின் இரு பக்க வெற்றிடத்தையும் டிரிம் போட்டு வெட்டுங்கள். மிச்சம் ஒன்றுமில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள், ஏனென்றால் எழுத்தை எண்ணாக்கும் இன்னொரு பங்ஷனான நம்பருக்கு (Number) வெற்று எழுத்தைக் கொடுத்தால் அது 0 என்று சொல்லும். இது சின்ன விஷயம் இல்லை. குளத்து நீர்மட்டத்தை ஒருநாள் யாரும் பதியாமல் விட்டால், அன்றைக்குக் குளம் வற்றிவிட்டது என்று வரைபடம் காட்டும். அடுத்தது கொமா. எல்லாக் கொமாவையும் கண்ணை மூடிக்கொண்டு அழிக்காதீர்கள், 12.5 என்று நினைத்து 12,5 என்று தட்டியவரின் கணக்கு 125 ஆகிவிடும். முதலில் ஒன்றிலிருந்து மூன்று இலக்கம், பிறகு கொமாவும் சரியாக மூன்று இலக்கமும் ஒரு தடவையோ பல தடவையோ, வேண்டுமானால் கடைசியில் தசமப் புள்ளியும் இலக்கங்களும் என்று ஒரு ரெஜெக்ஸ், அதாவது எழுத்தின் வடிவத்தைச் சோதிக்கும் சூத்திரம், எழுதுங்கள். கொமாவே இல்லாத வெறும் இலக்கங்களுக்கு, அதே தசமப் பகுதியோடு, இன்னொரு வடிவம். இரண்டிலும் பொருந்தாததைத் திருப்பி அனுப்புங்கள். இந்த வடிவச் சோதனை இல்லாவிட்டால் நம்பர் பங்ஷன் 1e5 என்பதைக்கூட ஒரு லட்சம் என்று ஏற்றுக்கொள்ளும். இதெல்லாம் தாண்டியதில் கொமாவை எடுத்துவிட்டுத்தான் நம்பருக்குக் கொடுக்க வேண்டும்.

பொருந்தாவிட்டால் எதைத் திருப்பிக் கொடுப்பது? 0 கூடவே கூடாது. பலர் நல் (null), அதாவது ‘ஒன்றுமில்லை’ என்ற பெறுமதி, கொடுப்பார்கள், எனக்கு அதுவும் பிடிக்காது. நல்லுடன் 5-ஐக் கூட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் பேசாமல் 5 என்று சொல்லும். நேன் (NaN), அதாவது ‘எண் அல்ல’ என்ற பெறுமதி, அப்படி ஒளியாது. எங்காவது சோதிக்க மறந்தாலும் மொத்தத் தொகையே நேன் ஆகி, பிழை கண்ணுக்குத் தெரியும். ஆனால் இரண்டைக் கவனியுங்கள். நேன் தனக்குத்தானே சமம் இல்லை, அதனால் சமக் குறி போட்டுச் சோதிக்க முடியாது, நம்பர்.இஸ்நேன் போடுங்கள். முன்னால் நம்பர் இல்லாத பழைய இஸ்நேன் வேண்டாம், அது சோதிப்பதற்கு முன்பே எழுத்தை எண்ணாக மாற்றிவிடும். அப்புறம், ஜேசனாக (JSON, தரவை எழுத்தாகச் சேமிக்கும் வடிவம்) சேமிக்கும்போது நேன் நல் ஆகிவிடும், ஆகவே சேமிக்கும் முன்பே நிறுத்துங்கள்.

காசைச் சதமாக முழு எண்ணில் வையுங்கள். 0.1-உடன் 0.2-ஐக் கூட்டினால் 0.30000000000000004 வரும், 1.005-க்கு தசம இலக்கங்களை வெட்டித் தரும் டூஃபிக்ஸ்ட் (toFixed) போட்டு இரண்டு தசமம் கேட்டால் 1.01 வராது, 1.00 தான் வரும். டூஃபிக்ஸ்ட் தருவது எண் அல்ல, எழுத்து. '1250.00' உடன் 50-ஐக் கூட்டினால் 1250.0050 என்று ஒட்டிவிடும். அதனால்தான் காசாக்காட்டு கடைசி வரியில் மட்டும் வர வேண்டும். அதற்குள்ளே சதத்தை 100-ஆல் பிரித்து, எண்ணைக் கொமா போட்டு எழுத்தாக்கும் இன்டெல்.நம்பர்ஃபார்மட்டில் (Intl.NumberFormat) குறைந்தது இரண்டு தசமம், கூடினது இரண்டு தசமம் என்று சொல்லுங்கள். மொழிக் குறியாக இந்தியத் தமிழைக் கொடுத்தால் 12,50,000.00 என்று வரும், அமெரிக்க ஆங்கிலத்தைக் கொடுத்தால் 1,250,000.00 என்று வரும். நாங்கள் வாயால் பன்னிரண்டரை லட்சம் என்றாலும் இங்கே வங்கிச் சிட்டையில் இருப்பது இரண்டாவது வடிவம்தான். பார்ப்பவர் சிட்டையோடு ஒப்பிடுவார், நான் அதையே வைத்தேன்.

இனி அடியும் அங்குலமும். இரணைமடுக் குளத்து நீர்மட்டத்தை 34 அடி 6 அங்குலம் என்று சொல்வார்கள், ஒரே பெட்டி வைத்தால் 34.6 என்று தட்டிவிடுவார்கள், உண்மையில் அது 34.5. இரண்டு பெட்டி வையுங்கள், உள்ளே மொத்த அங்குலமாக, 414 என்று சேமியுங்கள். காட்டும்போது 12-ஆல் பிரித்து ஈவு அடி, மீதி அங்குலம். தசம அடியில் தரவு வந்தால் முதலில் முழு அங்குலத்துக்கு மட்டம் தட்டிய பிறகே பிரியுங்கள், இல்லாவிட்டால் 33.98 என்பது ‘33 அடி 12 அங்குலம்’ என்று வரும். காணி அளவும் இதே மாதிரி. ஏக்கருக்கு 4 றூட், றூட்டுக்கு 40 பேர்ச், ஆகவே 2-1-20, அதாவது 2 ஏக்கர் 1 றூட் 20 பேர்ச், என்பது 380 பேர்ச், அதாவது 2.375 ஏக்கர்.

அடையாள அட்டை இலக்கத்தையும் போன் இலக்கத்தையும் எண்ணாக்குக்குள் விடவே விடாதீர்கள். போன் இலக்கத்தின் முதல் 0 போய்விடும், பழைய அடையாள அட்டையின் கடைசியில் எழுத்து இருக்கிறது. கூட்டிக் கழிக்காத எதுவும் எழுத்தாகவே இருக்கட்டும்.

எழுதி முடித்ததும் கன்சோலில், அதாவது பிரவுசரில் நிரலை ஓட்டிப் பார்க்கும் இடத்தில், இவற்றை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பாருங்கள்: வெற்று எழுத்து, வெறும் இடைவெளி, '1,250', '12,5', '1e5', '12கிலோ', '௧௨' (தமிழ் இலக்கத்தில் 12). 1,250 மட்டும் 1250 ஆக வர வேண்டும், மற்ற ஆறும் நேன்.