பாயிண்டை மாற்றும் முன் சீட்டைப் பாருங்கள்

கிரெடிட் கார்டு பாயிண்டை விமான மைலாக (காசுக்குப் பதில் கொடுத்து டிக்கெட் எடுக்க விமான நிறுவனம் தரும் புள்ளி) மாற்றிவிட்டால் பெரும்பாலும் திரும்ப வாங்க முடியாது. ஒருமுறை நான் முதலில் மாற்றிவிட்டு அப்புறம் தேடினேன். நான் போக வேண்டிய தேதியில் மைலுக்கு ஒரு சீட்டுகூட இல்லை. இன்றும் மனசு ஆறவில்லை. அதனால் முதலில் விமான நிறுவனத்தின் தளத்தில் மைலுக்கு சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். மைல் வந்துசேர சில நாள் ஆகலாம், அதையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்தது மதிப்பு. உதாரணத்துக்கு, டிக்கெட் விலை 30,000 ரூபாய். மைலில் எடுத்தாலும் வரி 6,000 கையிலிருந்து போகும். மிச்சம் 24,000. தேவைப்படும் பாயிண்ட் 20,000 என்றால், ஒரு பாயிண்டுக்கு 1.2 ரூபாய் கிடைக்கிறது. அதே பாயிண்டைக் கார்டு பில்லில் கழித்தால் என்ன கிடைக்கும் என்று ஒப்பிடுங்கள். பில்லில் கூடுதலாகக் கிடைத்தால் டிக்கெட்டைக் காசு கொடுத்தே வாங்கலாம். பிசினஸ் வகுப்பில்தான் மதிப்பு நன்றாக ஏறும் என்பது என் அனுபவம்.

விமான நிறுவனங்களின் கூட்டணியையும் மறக்காதீர்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் மைலில் லுஃப்தான்சாவில் பறக்கலாம்; இரண்டும் ஸ்டார் அலையன்ஸ் என்ற ஒரே கூட்டணியில் இருக்கின்றன.

பில் பாக்கி வைத்தால் மட்டும் இதெல்லாம் வீண். வட்டி மொத்தத்தையும் தின்றுவிடும்.