ஊருக்குப் போகும்போது எந்த டேப்லெட் வாங்கலாம்?

கனடாவிலிருந்து இலங்கைக்கு ஊர்ப் பயணம் போகவென்று வாங்கும் டேப்லெட் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. போகும்போது பிள்ளைகள் அதில் படம் பார்ப்பார்கள், நாங்கள் ஏதாவது வாசிப்போம். போய் இறங்கி ஒரு கிழமைக்குள் அம்மா அதில் பேரப்பிள்ளைகளின் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கத் தொடங்கிவிடுவார். புறப்படும் நாளில் அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வர யாருக்கு மனம் வரும்? அதனால் வாங்கும்போதே இரண்டு பேரை நினைத்து வாங்குங்கள். ஒருவர் விமானத்தில் அதைக் கையில் பிடிக்கப் போகிறவர். மற்றவர் ஊரில் அதை வைத்திருக்கப் போகிறவர்.

முதலில் எடை. ரொறன்ரோவிலிருந்து டோஹா அல்லது டுபாய் வரை 12, 13 மணி நேரம். அங்கே காத்திருந்து, பிறகு கட்டுநாயக்கா விமான நிலையம் போக இன்னும் நாலரை மணி நேரமளவில். இறங்கினாலும் பயணம் முடிவதில்லை. ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போய்ச் சேர வான் வண்டியில் ஏழெட்டு மணி நேரம் இருக்க வேண்டும். கட்டார், எமிரேட்ஸ், ஸ்ரீலங்கன் மூன்றிலும் எகானமி வகுப்புக்குக் கைப்பொதி 7 கிலோதான். லேப்டாப்பையும் அதன் சார்ஜரையும் வைத்தாலே 2 கிலோ போய்விடும். வேலை விஷயமாகக் கட்டாயம் தேவை என்றால் ஒழிய, லேப்டாப்பை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9 8.7 அங்குலத் திரை கொண்டது. எடை 332 கிராம். 9 அங்குல லெனோவோ டேப் எம்9 344 கிராம். ஐபேட் மினி 293 கிராம்தான். 11 அங்குல அளவுக்குப் போனால் டேப் ஏ9 பிளஸ் 480 கிராம், சாதாரண ஐபேட் 477 கிராம். கடையில் ஒரு நிமிடம் தூக்கிப் பார்க்கும்போது இந்த 150 கிராம் தெரியாது. முன் இருக்கையைச் சாய்த்துவிட்டார்கள், சாப்பாட்டுத் தட்டு இன்னும் எடுத்துப்போகவில்லை, டேப்லெட்டைக் கையில்தான் பிடிக்க வேண்டும் என்ற நிலையில் அரை மணி நேரம் போனால் மணிக்கட்டு சொல்லிவிடும்.

பலரும் கவனிக்காமல் விடுவது உறையின் எடை. பிள்ளைகளுக்கென்று விற்கும் கைபிடி வைத்த தடித்த ரப்பர் உறைகள், விசைப்பலகை ஒட்டிய உறைகள் எல்லாம் டேப்லெட்டின் எடையில் பாதியைக் கூட்டிவிடக்கூடும். மெல்லியதாக, மடித்து நிறுத்தி வைக்கக்கூடிய உறை ஒன்று போதும். வாங்க முன்னர் அதன் எடை எத்தனை கிராம் என்று பாருங்கள்.

சரி, 8 அங்குலமா 11 அங்குலமா? படம் பார்க்க, நாவல் வாசிக்க மட்டும் என்றால் சின்னது போதும். கையில் சுகமாக இருக்கும், தோள்பைக்குள்ளும் போகும். ஆனால் ‘நூலகம்’ என்ற இணைய நூலகத் தளத்திலிருந்து பழைய ஈழத்துச் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் இறக்கி வாசிக்கிறவர்களுக்குச் சின்னத் திரை சரிவராது. அவை பெரும்பாலும் பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்த பிடிஎஃப் கோப்புகள். எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது. முழுப் பக்கத்தையும் பெரிதாக்கி, ஒவ்வொரு பத்தியாக விரலால் நகர்த்தி நகர்த்தி வாசிக்க வேண்டும். பத்திரிகைப் பக்கம் என்றால் 8.7 அங்குலத்தில் ஒரு செய்தியை முடிப்பதற்குள் அலுத்துவிடும்.

கண்ணாடி போட்டு வாசிக்கும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பெரிய திரைதான் வசதி. கடைசியில் டேப்லெட் ஊரில்தான் நிற்கப் போகிறது என்றால் 11 அங்குலம் வாங்குங்கள் என்பதே என் யோசனை. 480 கிராமை ஒரு பயணத்துக்குச் சமாளிக்கலாம், மேசையில் நிறுத்தி வைத்துப் பார்க்கலாம். உங்களுக்கு மட்டும் என்றால் 8.7 அங்குலத்தோடு நின்றுவிடுங்கள்.

விலையைப் பார்ப்போம். அமெரிக்காவில் டேப் ஏ9 பிளஸ் 220 டொலரளவில் அறிமுகமானது. 2025இல் வந்த ஐபேட் 349 டொலர், ஐபேட் மினி 499 டொலர். மினி எடை குறைந்தது, வேகமானது, ஆனால் இந்தத் தேவைக்கு அவ்வளவு காசு கொடுக்க வேண்டியதில்லை. அமேசானின் ஃபயர் டேப்லெட்டுகள் எல்லாவற்றிலும் மலிவு. விமானத்தில் பிள்ளைகளுக்குப் படம் போட நல்லதுதான். ஆனால் அவற்றில் கூகுள் பிளே கடை கிடையாது, அமேசானின் கடையில் இருக்கிற செயலிகளோடுதான் நிற்க வேண்டும். ஊரில் விட்டுவருவதற்கு அது ஏற்றதல்ல. மருமகனோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ உதவ வந்தாலும் அவர்களுக்குப் பழக்கமில்லாத மெனுவாக இருக்கும்.

புதிய மாடல் வந்ததும் முந்தியதன் விலை இறங்கும். படம், வாசிப்பு, வீடியோ அழைப்பு மூன்றுக்கும் முந்திய மாடலே தாராளம். டிசம்பரில் போகிறவர்கள் நவம்பர் கடைசியில் வரும் பிளாக் ஃபிரைடேயைப் பார்த்திருக்கலாம். நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்கு ஜூலை மாதக் கழிவு விற்பனைகள் உண்டு. ரேம் 4 ஜிபிக்குக் குறைந்ததைத் தொடாதீர்கள். சேமிப்பு 64 ஜிபி என்று பெட்டியில் போட்டிருந்தாலும் ஒரு நல்ல பங்கை சிஸ்டமே எடுத்துக்கொள்ளும். மைக்ரோ எஸ்டி அட்டை போடும் இடம் இருந்தால் அந்தக் கவலை இல்லை. சாம்சங் டேப் ஏ வரிசையில் அது இருக்கிறது, ஐபேட் எதிலும் இல்லை.

அதேபோல ஹெட்ஃபோன் துளை. இப்போது விற்கும் ஐபேட்களில் அது கிடையாது; டேப் ஏ9, டேப் ஏ9 பிளஸ் இரண்டிலும் உண்டு. புளூடூத் இருக்கிறதே என்று நினைக்கலாம். ஆனால் முன் இருக்கைத் திரைக்குப் பெரும்பாலும் கம்பி ஹெட்ஃபோன்தான் வேண்டும். ஒரே கம்பி ஹெட்ஃபோன் இரண்டுக்கும் பொருந்தினால், சார்ஜ் போட வேண்டிய சாமான் ஒன்று குறையும்.

விமானத்தில் சார்ஜ் போடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இருக்கையில் இருக்கும் யூஎஸ்பி துளை பல விமானங்களில் இன்னும் பழைய, அகலமான ஏ வகை. புதிய டேப்லெட்டுகளோடு வரும் வயரிலோ இரு முனையும் சின்ன சி வகையாகவே இருக்கக்கூடும். அதைக் கொண்டுபோனால் செருக இடமிருக்காது. ஒரு முனை பழையதாகவும் மறுமுனை சி வகையாகவும் உள்ள வயர் ஒன்றைத் தனியாக வாங்கிக் கைப்பையில் வையுங்கள். அப்படிச் செருகினாலும் சார்ஜ் மெதுவாகத்தான் ஏறும், ஆகவே வீட்டிலிருந்தே முழுதாக ஏற்றிக்கொண்டு போங்கள்.

பவர் பாங்கை நம்பி இருக்க வேண்டாம். அதைக் கைப்பொதியில் மட்டுமே கொண்டுபோகலாம். பெரிய பெட்டிக்குள் போடக்கூடாது. அனுமதி கேட்காமல் கொண்டுபோக மின்கொள்ளளவின் எல்லை 100 வாட் மணி (Wh). பவர் பாங்கில் 20,000 எம்ஏஎச் (mAh) என்று போட்டிருந்தால் 74 வாட் மணியளவில் வரும், அது பரவாயில்லை. ஆனால் எமிரேட்ஸ் 2025 அக்டோபரிலிருந்து விமானத்துக்குள் பவர் பாங்கைப் பயன்படுத்தவே விடுவதில்லை. உங்கள் விமானத்தின் விதியைப் புறப்பட முன்னர் ஒருமுறை பாருங்கள். பவர் பாங்க் உதவப்போவது ஏ9 வீதியில் போகும்போதுதான்.

படங்களைத் தரவிறக்கினால் மட்டும் போதாது. புறப்படுவதற்கு முதல் நாள் இரவு டேப்லெட்டை விமானப் பயன்முறைக்கு (ஏரோபிளேன் மோட்) மாற்றிவிட்டு, ஒவ்வொரு படத்தையும் திறந்து ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். சில செயலிகள் இணையம் இல்லாமல் திறக்கவே மாட்டா. நெட்ஃபிளிக்ஸ், பிரைம் வீடியோவில் சில படங்கள் பார்க்கத் தொடங்கிய 48 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். ஒரு நிமிடம் ஓடவிட்டாலே அந்தக் கணக்குத் தொடங்கிவிடலாம், அதனால் இந்தச் சோதனையை அந்த இரவுக்கு முன்னரே செய்துவிடாதீர்கள். நாட்டுக்கு நாடு பட உரிமையும் மாறும். கனடாவில் கிடைப்பது இலங்கையில் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். திரும்பி வரும் பயணத்துக்கான படங்களையும் சொந்தக் கோப்புகளாக எஸ்டி அட்டையில் வைத்திருந்தால் நிம்மதி.

ஊரில் மின்சாரம் 230 வோல்ட். சார்ஜரில் சின்ன எழுத்தில் 100–240 வோல்ட் என்று இருந்தால் அது தாங்கும், செருகும் முனையை மட்டும் மாற்றினால் சரி. பழைய வீடுகளில் உருண்டை மூன்று முனைத் துளைகள் இருக்கும், புதிய வீடுகளில் லண்டனில் உள்ளதுபோலச் சதுர முனை. இரண்டுக்கும் பொருந்தும் அடாப்டர் ஒன்றைக் கொண்டுபோங்கள். மாரி காலத்தில் இடி மின்னல் தொடங்கினால் சார்ஜரைக் கழற்றிவிடச் சொல்லிக்கொடுங்கள். சித்திரை வெயிலில் வான் வண்டியின் முன் கண்ணாடிக்குக் கீழே டேப்லெட்டை வைக்கவே கூடாது. ஐபேட் 35 பாகை வரையான வெப்பத்துக்கே என்று ஆப்பிள் சொல்கிறது; மூடிய வண்டிக்குள் வெப்பம் அதைத் தாண்டிவிடும்.

சிம் போடும் மாடல் வேண்டுமா என்பதற்கு ஊர் வீட்டில் வைஃபை இருக்கிறதா என்று கேட்டாலே விடை வந்துவிடும். இருந்தால் வேண்டாம், வழியில் உங்கள் கைத்தொலைபேசியின் ஹொட்ஸ்பொட் போதும். இல்லாவிட்டால், அம்மாவின் தொலைபேசியில் ஹொட்ஸ்பொட் போடச் சொல்லி ஒவ்வொரு நாளும் அவரைச் சிரமப்படுத்துவதைவிடக் கூடக் காசு கொடுத்து சிம் மாடல் வாங்குவது நல்லது. டயலொக் அல்லது மொபிடெல் டேட்டா சிம் ஒன்றைப் போட்டு, இங்கிருந்தே ரீலோட் செய்யலாம்.

டேப்லெட்டை விட்டுவருவதாக இருந்தால் அதைத் தயார்செய்யும் வேலைகளை ஊருக்குப் போன முதல் கிழமையிலேயே தொடங்குங்கள். கடைசி நாளில் சாமான் கட்டிக்கொண்டு சொல்லிக்கொடுக்க முடியாது. அமைப்புகளில் மொழியைத் தமிழுக்கு மாற்றி, எழுத்தைப் பெரிதாக்குங்கள். வாட்ஸ்அப்பை அம்மாவின் சொந்தத் தொலைபேசியோடு இணைத்துவிடுங்கள். உங்களுடையதோடு இணைத்தால் உங்கள் செய்திகள்தான் அதில் வரும். அவருடைய தொலைபேசி 14 நாளுக்கு மேல் பயன்படாமல் கிடந்தால் டேப்லெட்டில் வாட்ஸ்அப் தானாக வெளியேறிவிடும் என்பதையும் வீட்டில் ஒருவருக்குச் சொல்லி வையுங்கள்.

கூகுள் கணக்கையும் மறக்க வேண்டாம். உங்கள் கணக்கை நீக்காமல் விட்டுவந்து, பிறகு யாராவது டேப்லெட்டை முழுதாக அழித்து மீட்டமைத்தால் அது உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிடக்கூடும். அம்மாவின் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, சரிபார்ப்புக் குறியீடு அவருடைய இலங்கை எண்ணுக்கு வரும்படி செய்யுங்கள். கனடா எண்ணைக் கொடுத்தால், நீங்கள் இங்கே நித்திரையில் இருக்கும் நேரத்தில் அங்கே குறியீட்டுக்குக் காத்திருப்பார்கள். கடவுச்சொல்லை ஒரு கடதாசியில் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டு உறுதிப் பத்திரம் வைக்கும் பெட்டிக்குள்ளேயே போட்டுவிடுங்கள்.