நலாக்சோன் பயிற்சி: மூச்சை மறக்க வேண்டாம்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம், ஓபியாய்டு (அபின் வகைப் போதைப்பொருள், வலிநீக்கி) நஞ்சேற்றத்தை முறிக்கும் நலாக்சோன் மருந்தைப் பொதுமக்கள் கையிலேயே கொடுத்து வைக்கும் திட்டத்தை 2012இல் தொடங்கியது. இத்தகைய மரணங்கள் பெருகியதால், அங்கு 2016 ஏப்ரலில் பொதுச் சுகாதார அவசரநிலையும் அறிவிக்கப்பட்டது. இன்று ஒன்ராறியோ மாகாணத்தில் பல மருந்தகங்கள் இம்மருந்துப் பையை இலவசமாகவே தருகின்றன. பை கிடைத்துவிட்டது என்பதாலேயே ஆயத்தமாகிவிட்டோம் என்று எண்ணுவதுதான் முதல் தவறு.

ஃபென்டனில் போன்ற ஓபியாய்டுகள் மூளையின் மூச்சுக் கட்டுப்பாட்டை ஒடுக்குகின்றன. உயிர் போவது பெரும்பாலும் பிராணவாயு கிட்டாமல்தான். ஆகவே, மயங்கிக் கிடப்பவரின் மூக்கில் நலாக்சோன் ஸ்ப்ரேயை அடித்துவிட்டு, அவர் எழுவார் என்று பார்த்துக்கொண்டே நிற்பது மிகப் பெரிய பிழை. 911 என்ற அவசர எண்ணை அழைத்து, மருந்தைக் கொடுத்தபின், தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, 5 வினாடிக்கு ஒரு முறை வாய்வழியாக மூச்சு ஊதவேண்டும். பயிற்சியில் பொம்மையின் மீது இதைச் செய்து பார்க்கக் கூச்சப்பட்டு ஒதுங்குபவர்களை, பயிற்றுநர் அன்போடு வற்புறுத்தியாவது செய்யவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆழ்ந்த குறட்டையோ தொண்டையில் களகளவென்ற ஒலியோ கேட்டால், நன்றாகத் தூங்குகிறார் என்று கதவைச் சாத்திவிடாதீர்கள். உதடும் நகமும் நீலம் பாரித்தோ சாம்பல் நிறமாகவோ இருக்கின்றனவா, தோளைத் தட்டி உரக்க அழைத்தால் அசைகிறாரா என்று பாருங்கள். குளிர்ந்த நீரை ஊற்றுவதும் கன்னத்தில் அறைவதும் பயன் தராமல் நேரத்தைத்தான் தின்னும்.

ஸ்ப்ரே வேலை செய்கிறதா என்று முன்கூட்டியே அழுத்திப் பார்க்கக் கூடாது. ஒரு கருவியில் ஒரே வேளை மருந்துதான் இருக்கிறது. அடித்த கையோடு அடுத்ததையும் அடிக்காமல், மூச்சு ஊதிக்கொண்டே 2 அல்லது 3 நிமிடமாவது பொறுத்து, பலன் இல்லையென்றால் மட்டும் அடுத்ததைக் கொடுக்கலாம்.

காவல்துறைக்கு அஞ்சி அழைக்கத் தயங்குவோரும் உண்டு. அவசர உதவியை அழைப்பவரையும் அங்கிருப்பவரையும், சொந்தப் பயன்பாட்டுக்குப் போதைப்பொருள் வைத்திருந்த குற்றச்சாட்டிலிருந்து கனடாவின் 2017ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் பாதுகாக்கிறது.

கண் விழித்ததும் தனியே விட்டுப் போவது ஆபத்தானது. நலாக்சோனின் விளைவு 30 முதல் 90 நிமிடம் வரைதான் நீடிக்கும். உடலில் மிஞ்சிய ஓபியாய்டு அதன்பின் மறுபடியும் மூச்சை அடக்கலாம். வாந்தியோ நடுக்கமோ கோபமோ வந்தால், நடந்ததை அமைதியாக எடுத்துச் சொல்லி, மீண்டும் எதையும் எடுக்காதபடி பார்த்துக்கொண்டு, ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை அருகிலேயே இருக்க வேண்டும்.